உறவு, அண்டை, தற்செயல்: போடோவையும் ஜார்ஜிய மொழியையும் ஒப்பிடும் கேள்வி

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ரெட்டியார்சத்திரத்தின் பெயருக்குள்ளேயே மூன்று மொழிகள் குடியிருக்கின்றன. ‘ரெட்டி’ என்பது தெலுங்கு. அதனோடு யகர உடம்படுமெய் பெற்றுச் சேர்ந்த ‘ஆர்’ தமிழின் மரியாதை விகுதி. ‘சத்திரம்’ வடமொழிச் ‘சத்ர’ என்பதன் தமிழ் வடிவம். ஊரைச் சுற்றியுள்ள சமவெளியும் இத்தகையதே. விசயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் தெற்கே வந்து குடியேறியோரின் வழியினர் கன்னிவாடி முதலிய பழைய பாளையப் பகுதிகளில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகின்றனர். சின்னாளப்பட்டி நெசவாளரிடையே கன்னடம் உண்டு. திண்டுக்கல் நகரில் சௌராட்டிரம் உண்டு. சந்தையிலும் பள்ளியிலும் அனைவர்க்கும் தமிழ். தெலுங்குக்கும் தமிழுக்கும் உள்ள ஒற்றுமை ஒரே தாய்வழியில் வந்தது. சௌராட்டிரத்துக்கும் தமிழுக்கும் உள்ள ஒற்றுமை ஒரே தெருவில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததால் வந்தது. இவ்விரண்டும் இல்லாத இடத்திலும் ஒற்றுமைகள் தோன்றுகின்றனவே, அவை எதைக் காட்டும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. அதற்கு அசாமின் போடோவும் காக்கசு மலைநாட்டின் ஜார்ஜிய மொழியும் மிகப் பொருத்தமான இணையாக அமைகின்றன. ஏனெனில் இவை குடும்பத்தாலும் ஒன்றல்ல, ஒன்றையொன்று சந்தித்தும் அறியாதவை.

போடோ, சீன-திபெத்தியப் பெருங்குடும்பத்தின் திபெத்திய-பர்மியக் கிளையைச் சேர்ந்தது. காரோ, திரிபுராவின் கொக்பொரோக், திமாசா ஆகியவை அதன் நெருங்கிய உறவுகள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 14.8 லட்சம் பேர் இதைத் தம் தாய்மொழியாகப் பதிவு செய்தனர். ஜார்ஜிய மொழியோ கார்த்வெலியன் எனப்படும் சிறு குடும்பத்தின் மூத்த உறுப்பினர். மிங்ரேலியன், லாசு, சுவான் என்னும் மூன்று மொழிகள் மட்டுமே அதன் உடன்பிறப்புகள். அசாமின் கோக்ரஜாருக்கும் ஜார்ஜியாவின் திபிலீசி நகருக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு கிடக்கிறது. இவ்வளவு அகன்று நிற்கும் இரண்டை ஒப்பிடுவதால் பயனுண்டா என்று கேட்பதற்கு முன், ஒப்பிடுதல் என்னும் ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு செயல்கள் குறிக்கப்படுகின்றன என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, உறவை நிறுவும் ஒப்பீடு. இரு மொழிகள் ஒரு மூலமொழியிலிருந்து பிரிந்தவை என்று காட்ட, சொற்கள் ஒன்றுபோல ஒலித்தால் போதாது. ஒரு மொழியின் ஓர் ஒலிக்கு எதிராக மற்றதில் குறிப்பிட்ட ஓர் ஒலி முறைமாறாமல் வந்து நிற்க வேண்டும். இதை ஒலித்தொடர்பு விதி என்பர். தமிழின் ஏழு தெலுங்கில் ‘ஏடு’ ஆகிறது. கோழி ‘கோடி’ ஆகிறது. நிழல் ‘நீட’ ஆகிறது. உழவன் கையில் பிடிக்கும் மேழி ‘மேடி’ ஆகிறது. ழகரம் நின்ற இடத்தில் டகரம் வந்து நிற்பது இங்கே விதி. சொல்லின் முதலில் இருந்த உயிர் தள்ளப்பட்டு மெய் முன்னே வருவது இன்னொரு விதி. உரல் ‘ரோலு’ என்றும், அவர் ‘வாரு’ என்றும் ஆவது அதனால். கன்னடத்திலோ தமிழின் பகரம் ஹகரமாகிப் பால் ‘ஹாலு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’ என வரும். இத்தகைய முறைமை தற்செயலாக நேர வாய்ப்பில்லை என்பதால்தான் இதற்குச் சான்று என்னும் மதிப்பு கிடைக்கிறது. வேற்றுமைதான் இங்கு உறவைக் காட்டுகிறது, ஒற்றுமை அன்று என்பது பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம்.

இம்முறை தென்னிந்தியாவில் வேரூன்றிய வரலாற்றில் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1816இல் பிரான்சிசு வைட் எல்லிசு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856இல், இராபர்ட் கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் வெளிவந்து அக்கருத்தை விரிவாக நிலைநாட்டியது. இடையன்குடியில் பணியாற்றிய அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1891இல் மறைந்தது, இச்சமவெளிக்கு மேலே நிற்கும் கொடைக்கானல் மலையில். கால்டுவெல் திராவிட மொழிகளைப் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் நிலைத்தன. அவற்றை அவர் ‘சித்தியன்’ என்று அழைத்த வட ஆசிய மொழிகளோடு இணைக்க முயன்ற பகுதி நிலைக்கவில்லை. ஒரே நூலில், ஒரே அறிஞரின் கையில், ஒரு முடிவு நின்று மற்றொன்று விழுந்ததற்குக் காரணம், முன்னதற்கு ஒலித்தொடர்பு விதிகளின் துணை இருந்ததும், பின்னதற்கு அமைப்பு ஒற்றுமையும் சிதறிய சொல்லொப்புமைகளும் மட்டுமே இருந்ததுமாகும்.

இந்த அளவுகோலைப் போடோ–ஜார்ஜிய இணைக்குப் பொருத்திப் பார்க்கலாம். போடோவில் மூன்று என்பது ‘தாம்’, ஜார்ஜியத்தில் ‘ஸாமி’. காதுக்கு இரண்டும் அண்டையில் நிற்கின்றன. கான்டன் சீனத்தின் ‘ஸாம்’ என்பதையும் அருகில் வைத்தால் மூன்றும் ஒரே சொல்தான் என்று உறுதியாகவே தோன்றும். ஆனால் போடோவின் ‘தாம்’ தனியே நிற்கவில்லை. கொக்பொரோக்கில் அது ‘தாம்’, காரோவில் ‘கிட்டாம்’, எழுத்துத் திபெத்தியத்தில் ககரம் முன்னே நிற்கும் ‘சும்’. சீனச் சொல்லும் இந்த வரிசையில்தான் இணைகிறது. ஜார்ஜிய ‘ஸாமி’யோ மிங்ரேலியனின் ‘ஸுமி’, சுவானின் ‘ஸெமி’ ஆகியவற்றோடு சேர்ந்தது. பிற எண்களை எடுத்தாலே உண்மை வெளிப்படும்: ஒன்றும் இரண்டும் போடோவில் ‘ஸே’, ‘நுய்’; ஜார்ஜியத்தில் ‘எர்த்தி’, ‘ஓரி’. நான்கும் ஐந்தும் போடோவில் ‘ப்ருய்’, ‘பா’. ஜார்ஜியத்தில் ‘ஓத்ஹி’, ‘ஹூத்தி’. பத்து எண்களில் ஒன்று மட்டும் பொருந்துவது உறவுக்குச் சான்றாகாது. இதற்கு மாறாக, ஜார்ஜியத்தில் மனிதன் ‘காத்ஸி’, மிங்ரேலியனில் ‘கோச்சி’. ஜார்ஜியத்தில் நூறு ‘அஸி’, மிங்ரேலியனில் ‘ஓஷி’. அகரத்துக்கு எதிரே ஒகரம் என்னும் முறைமை மாறாமல் வருவதைக் காண்க. கோழி–கோடி இணையில் கண்ட அதே வலிமை இதற்கு உண்டு.

மூவிடப் பெயர்களில் இந்த மயக்கம் இன்னும் கூடுதலாக நேர்கிறது. போடோவில் ‘நுங்’ என்றால் நீ. தமிழ் ‘நீ’யோடும் சங்கத் தமிழின் ‘நும்’மோடும் அது எவ்வளவு அருகில் நிற்கிறது என்று வியப்போர் உண்டு. ஜார்ஜியத்தில் ‘மே’ என்றால் நான். அது ஆங்கிலத்தின் ‘மீ’யை நினைவூட்டும். உலக மொழிகள் பலவற்றில் இத்தகைய சொற்கள் ஓரசைச் சொற்களே. பயன்படும் மெய்யொலிகளும் மிகச் சில. ஆயிரக்கணக்கான மொழிகளில் அவை அங்கங்கே ஒத்துப்போவது தவிர்க்க முடியாதது. முறைப்பெயர்களுக்கும் இது பொருந்தும். குழந்தையின் முதல் உளறலில் உதடு மூடித் திறக்கும் ஒலிகளே முந்தி வருகின்றன, பெற்றோர் அவற்றைத் தமக்குரிய பெயராக ஏற்றுக்கொள்கின்றனர் என்று மொழியியலறிஞர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். எந்த ஒலி யாருக்கு என்பதை அந்தந்தச் சமூகமே முடிவு செய்கிறது. அதனால்தான் ஜார்ஜியத்தில் ‘மாமா’ என்பது தந்தையையும் ‘தெதா’ என்பது தாயையும் குறிக்க, தமிழில் மாமா தாயோடு பிறந்தவராகிறார்.

உறவை இன்னும் ஆழத்தில் தேடியோர் இல்லாமல் இல்லை. 1960களில் சோவியத் அறிஞர் இல்லிச்-சுவித்திச் விரித்துரைத்த நொசுத்திராத்திக் கோட்பாடு, இந்தோ-ஐரோப்பியம், உராலிக், திராவிடம், கார்த்வெலியன் முதலிய குடும்பங்களை ஒரே பெருங்குடும்பத்துக்குள் அடக்கியது. அதன்படி ஜார்ஜிய மொழி தமிழுக்கு உறவாகுமே தவிரப் போடோவுக்கு ஆகாது. செர்கேய் ஸ்தாரொசுத்தின் முன்வைத்த மற்றொரு கோட்பாடு சீன-திபெத்தியத்தைக் காக்கசு மொழிகளோடு இணைத்தது. ஆனால் அவர் குறித்தவை வடகாக்கசு மொழிகள், ஜார்ஜியம் அவற்றுள் ஒன்றன்று. காக்கசு என்னும் நிலப்பெயரை மொழிக்குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால் இவ்விடத்தில் குழப்பம் நேர்கிறது. பல்லாயிரம் ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு ஒலித்தொடர்பு விதிகளைத் தெளிவாக மீட்டெடுக்க இயலாது என்பதால், இரு கோட்பாடுகளையும் மொழியியலாளரில் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–சப்பானிய உறவும் இவ்வகையில் அடங்கும். தமிழ் வாசகர்க்கு அது பெருமிதம் தந்த செய்தி என்பது உண்மையே. எனினும் சான்றை எடைபோடும் தராசு தமிழுக்கும் பிறமொழிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, அண்டை வாழ்வால் வந்த ஒற்றுமையை ஆராயும் ஒப்பீடு. இதற்குத் திண்டுக்கல் நகரின் சௌராட்டிரத்தை விடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. அது இந்தோ-ஆரிய மொழி. குசராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடையது. நீர் அதில் இன்றும் ‘பானி’தான். பட்டு நெசவைத் தொழிலாகக் கொண்ட அம்மக்கள் மேற்கிந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளில், விசயநகர நாட்டின் வழியாக, மதுரைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் வந்து சேர்ந்தனர். மத்தியப் பிரதேசத்தின் மாண்டசோரில் கிடைத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து பெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. சௌராட்டிரர் வரலாற்றை எழுதியோர் பலர் அதனோடு தம் மக்களின் இடப்பெயர்வை இணைத்துக் காட்டுவர். தமிழோடு நெடுங்காலம் வாழ்ந்த அம்மொழியில் நேர்ந்த மாற்றம் சொற்கடனோடு நின்றுவிடவில்லை. மொழியியலறிஞர் பிரபோத் பண்டிட் 1972இல் வெளிவந்த தம் நூலில், சௌராட்டிர எண்ணுப்பெயர்கள் தமிழின் போக்கைத் தழுவியதை ஆராய்ந்தார். இந்தியிலோ மராத்தியிலோ ஒன்றிலிருந்து நூறு வரை ஏறத்தாழ ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழிலோ இருபத்தொன்று, முப்பத்திரண்டு எனப் பத்தும் ஒன்றும் அடுக்கி எண்ணிக்கொண்டே போகலாம். சௌராட்டிரர் தம் சொற்களை வைத்துக்கொண்டு, அவற்றை அடுக்கும் சட்டத்தைத் தமிழிலிருந்து எடுத்தனர். தறியின் பாவு ஒருவருடையது, ஊடை இன்னொருவருடையது என்பதுபோன்ற இந்நிலையை, சொற்பட்டியலை மட்டும் பார்ப்பவர் ஒருபோதும் கண்டுகொள்ள மாட்டார்.

எம். பி. எமனோ 1956இல் இந்தியா முழுவதையுமே ஒரு மொழிப் பரப்பு என்று வருணித்தார். அதாவது வெவ்வேறு குடும்ப மொழிகள் அருகருகே வாழ்ந்து பொதுப் பண்புகளைப் பெற்ற நிலம் என்றார். போடோவும் ஜார்ஜியமும் தத்தம் அண்டைகளோடு இதே கதையை உடையவை. அசாமிய மொழி இந்தோ-ஆரியம். ஆயினும் அதில் தம்பி யாருக்கு உறவு என்பதற்கேற்ப ‘பாய்’ என்னும் சொல்லின் ஈறு மாறுகிறது. என் உறவானால் ‘பாய்’, உன் உறவானால் ‘பாயேரா’, அவன் உறவானால் ‘பாயேக்’. இதில் போடோ இன மொழிகளின் தடம் உண்டெனப் பல அறிஞர் கருதுகின்றனர். காக்கசு மலையில் ஈரானியக் குடும்பத்து ஒசேத்திய மொழி, தன் உறவினருக்கு இல்லாத ஒரு வகை ஒலியைப் பெற்றிருக்கிறது. குரல்வளையை அடைத்துக்கொண்டு மூச்சை வெடிக்கவிடும் அவ்வொலி ஜார்ஜியத்துக்கும் சுற்றியுள்ள மலைமொழிகளுக்கும் உரியது. திண்டுக்கல்லில் தமிழ் சௌராட்டிரத்துக்குச் செய்ததை அங்கே அம்மொழிகள் ஒசேத்தியத்துக்குச் செய்தன. ஆனால் போடோவுக்கும் ஜார்ஜியத்துக்கும் நடுவே அத்தகைய தெரு எக்காலத்திலும் இருந்ததில்லை.

ஆகவே இவ்விணைக்கு எஞ்சுவது மூன்றாவது ஒப்பீடு. இதை வகைமை ஒப்பீடு என்பர். பிறப்பையும் தொடர்பையும் கேளாமல், ஒரே பொருளைச் சொல்ல மனித மொழிகள் எத்தனை வழிகளைக் கையாள்கின்றன என்பதை மட்டும் அது பார்க்கிறது. போடோ–ஜார்ஜிய ஒப்பீட்டின் உண்மையான வளம் இங்கேதான் கிடைக்கிறது. தமிழை நடுவில் வைத்தால் அவ்வளம் இன்னும் பெருகுகிறது.

உயர்திணை, அஃறிணை என்று உலகத்தை இரண்டாகப் பகுக்கும் தமிழ், எண்ணும்போதும் அப்பகுப்பை விடுவதில்லை. மனிதரை ஒருவர், இருவர், மூவர் என்றும், மாட்டையும் மரத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என்றும் எண்ணுகிறது. போடோவில் திணை இல்லை, ஆண் பெண் வேறுபாட்டைக் காட்டும் வினையும் இல்லை. ஆனால் எண்ணோடு வகைசுட்டி என்னும் முன்னொட்டு சேர்ந்தாக வேண்டும். ‘ஸா’ மனிதருக்கு, ‘மா’ விலங்குக்கு. ‘ஸாதாம்’ என்றால் மூவர், ‘மாதாம்’ என்றால் மூன்று விலங்குகள். பிற பொருள்களுக்கு அவற்றின் வடிவத்தையும் தன்மையையும் ஒட்டி வேறு சுட்டிகள் உண்டு. ஜார்ஜியமும் பால் வேறுபாடு அறியாதது. அவன், அவள், அது மூன்றுக்கும் ‘இஸ்’ என்னும் ஒரே சொல்தான். எனினும் பன்மை எழுவாய் உயிருள்ளதாயின் வினை பன்மையாகவும், உயிரற்றதாயின் வினை ஒருமையாகவும் வருகிறது. எண்ணோடு வரும் பெயர் அதில் பன்மையாவதில்லை. ‘ஸாமி காத்ஸி’ என்பது ‘மூன்று மனிதன்’ என்னும் வடிவில் நிற்கும், பேச்சுத் தமிழில் ‘மூணு மாடு’ என்பதைப் போல. பேசும் உயிரும் பேசாப் பொருளும் ஒன்றல்ல என்னும் ஓர் உணர்வை மூன்று மொழிகளும் இலக்கணத்தின் மூன்று வெவ்வேறு இடங்களில் பதித்திருக்கின்றன. ஒன்றிடமிருந்து ஒன்று கற்காமலே இது நேர்ந்தது என்பதுதான் இதன் சிறப்பு.

முறைப்பெயர்களில் கிடைக்கும் ஒற்றுமை இதைவிட நெருக்கமானது. சங்கத் தமிழில் எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவன் தந்தை. யாய், ஞாய், தாய் என்பவையும் அவ்வாறே. பிற்காலத் தமிழ் படர்க்கை வடிவங்களை மட்டும் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு மற்றவற்றை இழந்தது. போடோவில் அவ்வழக்கு இழக்கப்படவில்லை. ‘ஆஃபா’ என் தந்தை, ‘நம்ஃபா’ உன் தந்தை, ‘பிஃபா’ அவன் தந்தை. 1884இல் சிட்னி எண்டல், போடோவைக் கச்சாரி என்னும் பெயரால் குறித்து எழுதிய இலக்கணம் இவ்வடிவங்களைக் காட்டுகிறது. தந்தை என்றாலே யாருக்கோ தந்தை. உடையவர் இல்லாமல் அச்சொல்லுக்குப் பொருள் முழுமையடையாது என்னும் அறிவு இரண்டிலும் சொல்லின் உறுப்பாகவே நிற்கிறது. இதைக் கண்டு தமிழும் போடோவும் உறவு என்று முடிவு கட்டுவோர், மேலே பார்த்த அசாமியத்தையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டிவரும். அது எவ்வகையிலும் பொருந்தாது.

ஜார்ஜியத்தின் பக்கம் தமிழுக்குக் கிடைக்கும் தோழமை வேறிடத்தில் உள்ளது. பசி, குளிர், அன்பு போன்றவை மனிதன் செய்வன அல்ல, மனிதனுக்கு நேர்வன என்று தமிழ் கருதுவதால் ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’ என நான்காம் வேற்றுமையில் சொல்கிறது. ஜார்ஜியத்தில் ‘ம்ஷியா’ என்னும் ஒரே சொல்லுக்கு ‘எனக்குப் பசி’ என்பது பொருள். ‘மிக்வார்ஸ்’ என்றால் எனக்கு அவர்மேல் அன்பு. இரண்டிலும் முன்னே நிற்கும் மகரம் ‘எனக்கு’ என்பதைக் குறிக்கிறது.

வினையைப் பார்த்தால் மூன்று மொழிகளும் ஓர் ஏணியின் மூன்று படிகளில் நிற்கின்றன. போடோவில் ‘ஆங் ஜாயு’ என்றால் நான் உண்கிறேன், ‘நுங் ஜாயு’ என்றால் நீ உண்கிறாய். யார் உண்டாலும் வினை மாறுவதில்லை. தமிழில் எழுவாய்க்கேற்ப ஈறு மாறுகிறது. ஜார்ஜியத்தில் செயப்படுபொருளும் வினைக்குள் நுழைந்துவிடுகிறது. ‘ம்ஹேதாவ்ஸ்’ என்றால் அவர் என்னைப் பார்க்கிறார், ‘க்ஹேதாவ்ஸ்’ என்றால் அவர் உன்னைப் பார்க்கிறார். முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் எழுவாய் தனி உருபு ஏற்று நிற்பதும் ஜார்ஜியத்தின் இயல்பு. ஒலியமைப்பில் இடைவெளி இதனினும் பெரிது. போடோ, குரலின் ஏற்றத் தாழ்வால் பொருளை வேறுபடுத்தும் மொழி. ஜார்ஜியமோ குரலேற்றத்தை அவ்வாறு பயன்படுத்தாமல், ‘க்வ்ப்ர்த்ஸ்க்வ்னி’ என எட்டு மெய்களை உயிரில்லாமல் தொடுக்க அஞ்சாத மொழி. மெய்ம்மயக்கத்துக்கு இத்தனை விதி வகுத்த தமிழ் இலக்கண மரபில் வளர்ந்தவர்க்கு அச்சொல் திகைப்பூட்டும்.

எழுத்தின் வரலாறும் இவ்வொப்பீட்டில் விலக்கத்தக்கதன்று. ஜார்ஜியம் 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைக் கொண்டது. இன்று 33 எழுத்துகளில் எழுதப்படுகிறது. 1978இல் சோவியத் ஜார்ஜியாவின் அரசியலமைப்பில் அதன் நிலையைக் குறைக்க முயன்றபோது திபிலீசி மக்கள் தெருவுக்கு வந்து அதைக் காத்தனர். போடோ அசாமிய, ரோமன் எழுத்துகளில் எழுதப்பட்டு, 1974இல் ரோமன் எழுத்துக்காக நடந்த போராட்டத்தில் உயிர்களையும் இழந்து, 1975 முதல் தேவநாகரியை ஏற்றது. 2003இல் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. சௌராட்டிரத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தி. மு. இராமராய் எழுத்தைச் சீர்செய்து அச்சுக்குக் கொண்டுவந்தார். 2008இல் அது ஒருங்குறியிலும் சேர்ந்தது. இருந்தும் தமிழெழுத்தா, தேவநாகரியா, தன்னெழுத்தா என்னும் கேள்வி அச்சமூகத்தில் தொடர்கிறது. இச்சமவெளியின் வீட்டுத் தெலுங்குக்கும் வீட்டுக் கன்னடத்துக்குமோ அப்படியொரு கேள்வியே எழவில்லை. அவை பேச்சிலேயே வாழ்கின்றன.

இவ்வாறு பார்க்கும்போது, போடோவும் ஜார்ஜியமும் உறவு என்பது பிழை. அவற்றை ஒப்பிடுவது வீண் என்பதும் அதே அளவு பிழை. எனினும் ஒப்பீட்டுக்கு முதலில் வேண்டியது பதிவு. எண்டலின் சிறு இலக்கணம் இல்லையேல் நம்ஃபா, பிஃபா பற்றிய பழைய சான்று இன்று கிடைத்திராது. ரெட்டியார்சத்திரம், கன்னிவாடி, சின்னாளப்பட்டி வட்டாரத்து வீட்டு மொழிகளில் எண்கள், முறைப்பெயர்கள், உழவுக்கும் தறிக்கும் உரிய சொற்கள் இவற்றை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் ஒரு கைப்பேசியும் போதும். மேழியை ‘மேடி’ என்று சொல்லும் முதியவர் வீட்டில் இருக்கும்போதே, அவ்வீட்டுப் பிள்ளைகள் இப்பணியைத் தொடங்க வேண்டும்.